தண்ணி விழுதா என்றொரு பக்கம்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாடத்திட்டத்தைத் திருத்துகிறார்களாம். இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கி, பருவம் முழுக்க அதில் எழுத வேண்டும் என்று எங்கள் காலத்தில் ஒரு செய்முறைத் தாள் வைத்திருந்தோம். அதை எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"இப்பல்லாம் யாரு மிஸ் பிளாக் படிக்கா? எல்லாம் வீடியோதான். எழுதச் சொன்னாலும் புள்ளைங்க எழுதுறதில்ல. கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துருது. நாங்க மார்க்கு போடுறது கம்ப்யூட்டருக்குத்தான்" என்றாள் மூத்தவள்.

கேள்வி நியாயமானதுதான். பஜ்ஜியைத் தின்னச் சொல்லிவிட்டு, "வைக்கிறதும் எடுக்கிறதும் உங்க இஷ்டம். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எழுதித் தாரேன், படிச்சுப் பாருங்க" என்றேன். எழுதத் தெரிந்தவளுக்கு வாயால் சொல்லச் சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இது.

என் கதையில் பெரிய சுவாரசியம் இல்லை. ஆலங்குளத்தில் தட்டச்சு படித்தேன். தட்டச்சுப் பொறிகளைத் தூக்கிவிட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தபோது, பயந்துகொண்டே அதையும் படித்தேன். அஞ்சல் வழியில் முதுகலை முடித்தேன். தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணினித் துறையில் சேர்ந்து, அங்கேயே நரைத்து வெளியே வந்தேன். இத்தனை வருடத்தில் என்னை வாயடைக்க வைத்த சமாச்சாரம் ஒன்றுதான் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் சங்கரலிங்கம் சாரைச் சொல்ல வேண்டும்.

சார் எங்கள் துறைத் தலைவர். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா ஒன்று, பச்சை மைப் பேனா ஒன்று. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மாணவிகளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அந்த "அம்மா"வைக் கேட்டால் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். கணினி ஆய்வகத்துக்குள் செருப்புப் போட்டு நுழைந்தால் முதல்வரையே திருப்பி அனுப்பியவர். எந்த வேலையானாலும் முதலில் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகுதான் விசைப்பலகையில் கை வைக்க வேண்டும். நோக்கம், செய்முறை, முடிவு என்று மூன்று தலைப்புகளில் எழுதாத எதையும் அவர் படிக்கவே மாட்டார். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட இந்த மூன்றும் இருக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

வலைப்பூத் தாள் வந்த வருடம் முதல் வகுப்பே சந்தையாகிவிட்டது. கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் போனுக்கு ஒரு எண் வரும், அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். எங்கள் கல்லூரியிலோ மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது. ஆகவே பிள்ளைகள் வீட்டுப் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு, அலுவலகத் தொலைபேசிக்கு ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

"ம்மா, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கா? கண்ணாடியப் போட்டுட்டுப் படிம்மா... ஐயோ, அது கேஸ் கம்பெனி நம்பரு, அதுக்கு மேல பாரு!"

படித்துச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பிள்ளையின் அண்ணன், "பேங்க்ல தெளிவாச் சொல்லிருக்காவ, ஓடிபி நம்பர எவ கேட்டாலும் சொல்லப்பிடாதுன்னு. நீ எந்தங்கச்சிங்கதுக்கு என்ன அத்தாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். அந்தப் பிள்ளை அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து அழுதது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சார் வந்து பார்த்தார். மறுநாளே துறையின் பெயரில் ஒரே ஒரு கணக்கைத் தொடங்கி, அதற்குள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துவிட்டார். கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வகுப்பிலும் அவரே கணினி கணினியாகப் போய் அதைத் தட்டுவார். அதற்கு முன், "எல்லாரும் சுவரைப் பாருங்கம்மா" என்பார். வகுப்பே எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும். நானும்தான். அவர் முடித்துத் தொண்டையைக் கனைத்தால் நாங்கள் திரும்பலாம்.

விதிகளையும் அவரே போட்டார். பக்கத்தில் பெண்பிள்ளையின் பெயர் வரக் கூடாது, படம் கூடாது, தெருப் பெயர் கூடாது. படிக்கிறவர்கள் யாராவது கருத்து எழுதினால் அது நேரே பக்கத்தில் ஏறாது. முதலில் சாரிடம் வரும். அவர் படித்து அனுமதித்த பிறகுதான் ஏறும். கருத்து என்று ஒன்று வந்தால்தானே என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வழக்கம் போல் எழுதினார்கள். கணினியின் தலைமுறைகள், நேரத்தின் அருமை, மரம் வளர்ப்போம். எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஷமீமா மட்டும் இரண்டு வகுப்பு எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். குற்றாலம் போகிற வழியில் இருக்கும் மேலகரத்துப் பிள்ளை. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். சவூதியில் வேலை பார்த்த தாய்மாமாதான் படிக்க வைத்தார். மெல்லிய குரல், ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு மூச்சு ஆகும்.

"ஏட்டி, உனக்குன்னு தெரிஞ்சது ஒண்ணுமா இல்ல? காலைல எந்திரிச்சதும் என்ன செய்வ, அத எழுதேன்" என்றேன்.

யோசித்துவிட்டு, "மாடிக்குப் போய் மலையப் பார்ப்பேன் மிஸ்" என்றாள். "தண்ணி விழுதான்னு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் சௌக்கியமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணி விழுதா என்றுதான் கேட்பார்கள். பால்காரர் கேட்பார், பஸ் நடத்துநர் கேட்பார், கல்யாண வீட்டில் கேட்பார்கள், துக்க வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். குற்றாலத்து அருவியில் குளிக்கப் போகிறவர்கள் கேட்பது குறைவு. போகவே போகாதவர்கள்தான் அதிகம் கேட்பது.

அவள் அதையே பக்கத்துக்குத் தலைப்பாக வைத்தாள். "தண்ணி விழுதா". முதல் பதிவை ரெக்கார்டில் எழுதிச் சாரிடம் நீட்டினாள். நான் பக்கத்தில் நின்று படித்தேன்.

"நோக்கம்: அருவியில் தண்ணி விழுகிறதா என்று அறிதல். செய்முறை: மாடிக்குச் சென்று மலையைப் பார்த்தல். முதல் சவாரி போய்த் திரும்பிய ஆட்டோ அண்ணனிடம் கேட்டல். முடிவு: இன்று மலையே தெரியவில்லை. மலை தெரியாவிட்டால் மேலே நல்ல மழை. மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது. ஐந்தருவியில் மூன்று கிளை. காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. நேற்றுக் காயப்போட்ட துணி இன்னும் காயவில்லை, உம்மா ஏசினாள்."

செத்தாள் என்று நினைத்தேன். சார் இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்தார்.

"மூணு கிளைன்னு யார் சொன்னது?"

"ஆட்டோ அண்ணன் சார்."

"அப்ப அதையும் எழுதணும்மா. நாம பார்க்காதத நாம பார்த்த மாதிரி எழுதக் கூடாது." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே வந்து நிற்பாள். வாரத்துக்கு ஒரு பதிவு எழுதினால் போதும், ஆனால் தண்ணி தினமும் அல்லவா விழுகிறது? ரெக்கார்டு, பச்சை மை, சுவரைப் பார்த்தல், தட்டச்சு. எல்லாம் முறைப்படி நடக்கும். ஒரு நாள் ஐந்தருவியில் நாலு கிளை என்று வரும், ஒரு நாள் குளிக்கத் தடை என்று வரும். ஒரு நாள் முடிவில் ஒரே வரி: "இன்று வெயில். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப் பாவமாக இருந்தது."

சில வாரம் கழித்து, எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பகுதியைச் சார் எனக்குத் திறந்து காட்டினார். மற்றப் பக்கங்களைப் பார்த்தது எழுதிய பிள்ளையும் நானும்தான். "தண்ணி விழுதா"வைத் திறந்தபோது ஒரு உலகப் படம் வந்தது. பார்த்தவர்கள் இருக்கும் நாடெல்லாம் பச்சையாகத் தெரியும். சவூதி பச்சை. குவைத் பச்சை. ஓமான், துபாய், மலேசியா, சிங்கப்பூர். கடலுக்கு நடுவில் எனக்குப் பெயரே தெரியாத ஒரு துளியும் பச்சையாக இருந்தது. கப்பலில் வேலை பார்க்கிற எவனோ ஒருவனாக இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை நான் இணையத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவள். உலகம் சுருங்கிவிட்டது என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டவள். அது என்ன என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். மேலகரத்து மாடியில் ஒரு பிள்ளை நின்று மலையைப் பார்க்கிறாள், அவள் கண் வழியாக எத்தனையோ கடல் தாண்டி இருக்கிறவர்கள் அந்த மலையைப் பார்க்கிறார்கள். சார் திரையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

கருத்துகளும் வரத் தொடங்கின. அங்கேதான் வினை வந்தது.

ஊரில் யாரோ ஷமீமாவின் மாமாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். காதர் மைதீன் என்று பெயர். அப்போது லீவில் வந்திருந்தார். "ஒம்ம மருமவ கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதாளாம், வெளிநாட்டு ஆம்பளையெல்லாம் அவளுக்குப் பதில் எழுதுதானுவளாம்" என்று சொன்னால் எந்த மாமாவுக்குப் பொறுக்கும்? மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டார். ஷமீமாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவர் வந்த வேகத்தில் ஆய்வகத்துக்குள் காலை வைத்தார்.

"கோவத்த உள்ள வந்து பேசுவோம் பாய். மொதல்ல செருப்பக் கழத்துங்க" என்றார் சார்.

அந்தக் கோபத்திலும் மனிதர் பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அவர் மேல் எனக்கு அப்போதே ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை.

"சார், இது வாப்பா இல்லாத புள்ள. இத ஒரு கரையேத்தணும்னுதான் நான் அங்கன கெடந்து வேகுதேன். படிக்கத்தான் அனுப்புனோம். மொகந்தெரியாத ஆம்பளைங்களோட எழுதிப் பழகுததுக்கு அனுப்பல. நாளைக்கு இதுக்கு மாப்ள பார்க்கையில நான் என்ன பதிலச் சொல்லட்டும்? நீங்க டீசியக் குடுங்க. கூட்டிட்டுப் போயிருதேன்."

ஷமீமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி டீசி வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"டீசிக்கு ஒரு முறை இருக்கு பாய். என்ன குத்தம்னு நான் எழுதணும். எழுதணும்னா குத்தத்தப் பார்க்கணும். நீங்க பார்த்தியளா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? கேள்விப்பட்டதே போதும்."

"பார்க்காதத நான் எழுத முடியாது. உக்காருங்க. சேர்ந்தே பார்ப்போம். இன்னொண்ணும் சொல்லிருதேன். அதுல வந்த ஒவ்வொரு கருத்தையும் படிச்சு அனுமதிச்சது நான். குத்தம்னு இருந்தா மொதல்ல எம்பேரத்தான் எழுதணும்."

சொல்லிவிட்டு, "எல்லாரும் சுவரைப் பாருங்க" என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. நானும் ஷமீமாவும் திரும்பியதைப் பார்த்துவிட்டு அவரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சாகிற நேரத்திலும் இந்த மனிதர் முறையை விட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தொண்டைக் கனைப்புக் கேட்டது.

சார் பக்கத்தின் மேல்பகுதிக்கெல்லாம் போகவில்லை. நேரே கருத்துகள் இருக்கும் இடத்துக்குப் போய், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வினாத்தாள் வாசிக்கிற குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'தங்கச்சி, பழைய குற்றாலத்துல கூட்டமா? எங்க வீட்டுல போறாங்களாம், சின்னப் புள்ள இருக்கு.' இது ஒண்ணு. ஆட்சேபம் உண்டா பாய்?"

மாமா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"'மேலகரத்துல கரண்டு இருக்கா? வீட்டுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ.' இது ரெண்டாவது. 'இங்கன அனல் காத்து. நீங்க துணி காயலன்னு எழுதுனதப் படிச்சதும் உடம்பு குளுந்துட்டு.' இது மூணாவது."

மாமாவின் பார்வை திரைக்குப் போயிருந்தது. சார் அடுத்ததைப் படித்தார்.

"'தங்கச்சி, தாமதம் பண்ணாமப் போட்டுருங்க. எங்க பெரியவரு இதப் படிச்சாத்தான் டீயக் குடிக்காரு. இப்படிக்கு, பேக்கரி ரூம்.'"

"சார், அத இன்னொரு மட்டம் படிங்க" என்றார் மாமா.

சார் படித்தார். மாமா நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகில் போனார். சாரின் கையை விலக்கிவிட்டு, பக்கத்தின் மேல்பகுதிக்குத் தானே தள்ளிக்கொண்டு போனார். "தண்ணி விழுதா" என்ற எழுத்து வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவரு நாந்தான் சார்" என்றார்.

அவர் வேலை பார்த்தது தம்மாமில் ஒரு பேக்கரியில். எங்கள் பக்கத்து ஆட்கள் இருக்கிற அறைகளில் எல்லாம் அந்தப் பக்கம் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. அங்கே அலைவரிசை மோசம், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து என்றால் உடனே திறந்துவிடும். அறையில் எல்லோரும் எழுந்ததும் ஒருவன் சத்தமாகப் படிப்பானாம். துணி காயவில்லை, உம்மா ஏசினாள் என்று வந்தால் சிரிப்பார்களாம். பெயரும் இல்லை, தெருவும் இல்லை, யார் பெற்ற பிள்ளையோ நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்களாம்.

"எங்க மாடியாட்டி அது?" என்று திரும்பி ஷமீமாவைக் கேட்டார். "நம்ம மாடியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் அழவில்லை. முகத்தைத் துண்டால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது. கோபமா கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, இன்னைக்குள்ளத இன்னும் ஏன் போடல? அங்கன பயலுவ பார்த்துக்கிட்டே இருப்பானுவள்ளா!"

ஷமீமா ஓடி வராந்தாவில் நின்று மலையைப் பார்த்தாள். மாமாவும் பின்னாலேயே போய் நின்றார். "அந்தா பாரு, மேகம் எறங்குது. நாலு கிளைன்னு போடு" என்றார்.

"நாம பார்க்காதத எழுதக் கூடாது மாமா" என்றாள் அவள். அவ்வளவு தெளிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

உள்ளே வந்து ரெக்கார்டு நோட்டைத் தேடினாள். நோட்டு வீட்டில் இருந்தது. சார் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் அது பெரிய நிமிடம் என்று எனக்குத் தெரியும்.

"பரவால்லம்மா. இன்னைக்கு மட்டும் நேராத் தட்டிருங்க" என்றார்.

டீசிப் பேச்சு அதோடு போயிற்று. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சாருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

பருவம் முடிந்து வெளித் தேர்வாளர் வந்து போனதும், பிள்ளைகளின் வேலைகளைக் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். அது எங்கள் ஆய்வக விதி. நான் வரிசை எண்ணைப் படிக்க, சார் ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டே வந்தார். கணினியின் தலைமுறைகள் போயின, மரம் வளர்ப்போம் போயிற்று. ஷமீமாவின் எண்ணைப் படித்தேன். கை நின்றது.

"இது இன்னும் முடியலியே" என்றார். "முடியாத வேலைய எப்படி அழிக்க? தண்ணி நிக்கட்டும். அப்புறம் அழிப்போம்."

கோடையில் தண்ணி நின்றது. நான் ஞாபகப்படுத்தவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த சாரல் வந்துவிட்டது. அவள் படிப்பை முடித்த நாளில் அந்தப் பக்கத்தை அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்றும் எங்களைச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். சார் இப்போது இல்லை. அவர் காரியத்துக்கு வாசுதேவநல்லூர் போயிருந்தபோது காதர் பாயும் வந்திருந்தார். "தண்ணி விழுதா?" என்று கேட்டேன். "சுமாரா விழுது" என்றார்.

ஆக, பிள்ளைகளே, அந்தத் தாளை வைக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரம் வளர்ப்போம் கட்டுரையைக் கணினி எங்கள் பிள்ளைகளைவிட நன்றாகவே எழுதும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாடிக்கு ஏறிப்போய்ப் பார்க்க அதற்குக் கால் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஷமீமா இப்போது தம்மாமில் இருக்கிறாள். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. மாமா பேக்கரியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். மூட்டு வலி. இருந்தாலும் தினமும் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார். பக்கத்தை இப்போது எழுதுவது அவர்தான். நோக்கம், செய்முறை, முடிவு, எதையும் மாற்றவில்லை. ஆட்டோ அண்ணன் சொன்னதை ஆட்டோ அண்ணன் சொன்னது என்றே எழுதுகிறார்.

இன்று காலை இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெளியே நல்ல சாரல். நேற்றைய பதிவுதான் மேலே இருந்தது, இன்றைய பதிவு இன்னும் வரவில்லை. கீழே ஒரு கருத்து மட்டும் வந்து காத்திருந்தது.

"மாமா, இன்னைக்குள்ளத இன்னும் ஏன் போடல?"